பழசு என்பது லைசென்ஸ் ஆகாது

அந்தக் கல்யாண வீடியோவை எல்லோரும் பார்த்துவிட்டீர்கள். மாப்பிள்ளை கையில் தாத்தா காலத்து வெப்ளி என்ற பிரிட்டிஷ் ரிவால்வர், வானத்தைப் பார்த்து ரெண்டு வெடி, காலடியில் குழந்தைகள். அதைவிட எனக்கு மனசு ஆறாதது கீழே வந்த பதில்கள்தான். "பழசு தானே, அதுக்கு எதுக்கு லைசென்ஸ்?" என்று படித்தவர்களே எழுதுகிறார்கள்.

பழசு என்பது லைசென்ஸ் ஆகாது. 1959 ஆயுதச் சட்டத்தின் 45-வது பிரிவு பழம்பொருளுக்கு விலக்கு தருவது உண்மை. ஆனால் பழுது பார்த்தாலும் சுடவே முடியாது என்ற நிலையில் இருந்தால் மட்டும்தான். ஸ்பிரிங் உடைந்து பரணில் கிடந்தாலும், சரிசெய்ய முடியும் என்றால் அது துப்பாக்கிதான்.

வெப்ளி மார்க் 6 என்ற மாடல் 1915-ல் வந்தது, அதற்கு .455 அங்குலத் தோட்டா. 1932-ல் வந்த இன்னொரு பிரிட்டிஷ் ரிவால்வரான என்ஃபீல்டு நம்பர் 2-க்கு .380. இந்தத் தோட்டாக்களைச் சுடும் கைத்துப்பாக்கிகள் 2016 ஆயுத விதிகளின்படி கட்டுப்படுத்தப்பட்ட வகை. கலெக்டர் ஆபீஸோடு வேலை முடியாது, டெல்லியில் உள்துறை அமைச்சகம் வரை போகணும். அனுமதியில்லாமல் வைத்திருந்தால் சிறைத் தண்டனை உண்டு. கொண்டாட்டத்துக்குச் சுட்டு அடுத்தவர் உயிருக்கு ஆபத்து உண்டாக்கினால் 2019 திருத்தப்படி அது தனிக் குற்றம்.

"லைசென்ஸ் தாத்தா பேரில் இருக்கே" என்பீர்கள். அது அவரோடு முடிந்தது. தாமதிக்காமல் போலீஸ் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் உள்ள துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்கணும். அப்புறம் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் சம்மதம் எல்லாம் வைத்து உங்கள் பேருக்கு விண்ணப்பிக்கணும்.

"தோட்டா மேலேதானே போச்சு?" போனது கீழேதான் வரும்.

அனுமதியே கிடைத்தாலும் எடுத்தவுடன் சுடுகிற பொருள் இல்லை அது. வெப்ளி நடுவில் மடங்கித் திறக்கும்; மேலே இருக்கும் கொக்கி தேய்ந்திருந்தால் பூட்டு நிற்காது. தோட்டா போடும் சுழல் உருளையான சிலிண்டரின் அறை குழலுக்கு நேராக நிற்காவிட்டால் குண்டின் ஈயம் சீவப்பட்டுப் பக்கத்தில் நிற்பவர் முகத்தில் தெறிக்கும். அமெரிக்காவில் சிலிண்டரின் பின்பக்கத்தைக் கடைந்து .45 ஏசிபி என்ற வேறொரு தோட்டா போட மாற்றிய வெப்ளிகள் நிறைய. அந்தத் தோட்டாவின் அழுத்தம் .455-ஐவிட மிக அதிகம், சிலிண்டரே பிளக்கலாம். விசையை இழுத்தும் வெடிக்கவில்லையா? குழலை மண்மேட்டைப் பார்த்தே 30 விநாடி பிடியுங்கள், உடனே திறக்காதீர்கள். சத்தம் மந்தமாக வந்தால் ஈயக்குண்டு குழலுக்குள்ளேயே நின்றிருக்கலாம். அடுத்ததைச் சுட்டால் குழல் உப்பிவிடும். பழைய தோட்டாவில் மருந்தைப் பற்றவைக்கும் ப்ரைமர் குழலில் உப்பை விட்டுப்போகும். எண்ணெய் அதைக் கரைக்காது. முதலில் சுடுதண்ணீர், துடைத்துக் காயவிட்ட பிறகுதான் எண்ணெய். இதில் ஒன்றாவது அந்த மாப்பிள்ளைக்குத் தெரியுமா?

இன்னொன்றையும் சொல்லியே ஆகணும். அஞ்செட்டி, பென்னாகரம் காட்டோரத்தில் ராகிக் கொல்லையைப் பன்றி அழிக்குது என்று நாட்டுத் துப்பாக்கி வைத்திருக்கிறவன் பிடிபட்டால், கைகட்டி நிற்கிற போட்டோவோடு செய்தி வருது. அவனுடையதும் பழசுதான். அவனுக்கு யாராவது "தாத்தா சொத்து" என்று பரிந்து பேசினீர்களா? பங்களா வீட்டுப் பையனுக்கு மட்டும் கெத்து, ஹார்ட்டு. கொல்லையைக் காப்பாற்ற நினைத்தவன் குற்றவாளி, குழந்தைகள் நடுவே சுட்டவன் ஹீரோ என்றால் எனக்கு வலிக்குதுங்க.

அந்த வீட்டுக்கு வேண்டியவர் யாராவது இதைப் படித்தால் ஒன்று சொல்லுங்கள். ஒரு வக்கீலைக் கூட்டிக்கொண்டு முதலில் ஸ்டேஷனில் தகவல் கொடுக்கட்டும். துப்பாக்கியைப் பையில் போட்டுக்கொண்டு அவர்களாகக் கிளம்ப வேண்டாம்.