மனம் திரும்பிய எஜமானரும் விலை கேட்டார்

அமெரிக்க அடிமைமுறை பற்றிப் பேச்சு வந்தாலே இங்கே இரண்டு கட்சிதான். கிறிஸ்தவம்தான் கறுப்பர்களை விடுவித்தது என்பது ஒன்று. அது அவர்களை அடக்கி வைக்கக் கொடுத்த அபின் என்பது இன்னொன்று. இரண்டுமே சோம்பேறித்தனமான பேச்சு என்பேன். ரிச்சர்ட் ஆலன் என்ற கறுப்பினப் போதகரின் கதையைப் பாருங்கள்.

1760-இல் அடிமையாகப் பிறந்தவர் ஆலன். சிறுவயதிலேயே குடும்பத்தோடு டெலவேரில் ஸ்டோக்லி ஸ்டர்ஜிஸ் என்பவருக்கு விற்கப்பட்டார். கடன் நெருக்கியதும் ஸ்டர்ஜிஸ் ஆலனின் தாயையும் உடன்பிறந்தவர்கள் சிலரையும் விற்றுவிட்டார். இத்தனைக்கும் அவர் நல்ல எஜமானர் என்று பேர் வாங்கியவர்! 17 வயதில் ஆலன் மெதடிஸ்ட் என்ற புராட்டஸ்டண்ட் பிரிவில் சேர்ந்தார். கூட்டத்துக்குப் போனால் அடிமைகள் கெட்டுப்போவார்கள் என்று அக்கம்பக்கத்தார் முணுமுணுக்க, அந்தப் பேச்சுக்கு இடம் தரக்கூடாதென்று ஆலனும் அவர் சகோதரரும் முன்னைவிடக் கடுமையாக உழைத்தார்கள். கடைசியில் எஜமானர் வீட்டிலேயே ஃப்ரீபார்ன் காரெட்சன் என்ற மெதடிஸ்ட் போதகர் வந்து பிரசங்கம் செய்தார். தானியேல் புத்தகத்து வசனம்: "நீ தராசிலே நிறுக்கப்பட்டு, குறையக் காணப்பட்டாய்." ஸ்டர்ஜிஸுக்குச் சுருக்கென்று தைத்தது. அடிமை வைத்திருப்பது தப்பு என்று ஒப்புக்கொண்டார்.

சரி, விட்டுவிட்டாரா? விலை சொன்னார். பொன், வெள்ளி நாணயமாக 60 பவுண்டு, இல்லையென்றால் காகிதப் பணமாக 2,000 டாலர்.

ஆலன் விறகு வெட்டப் போனார். முதல் நாளே கை கொப்பளித்து, விரலை மடக்கவும் முடியவில்லை, நீட்டவும் முடியவில்லை. அப்புறம் செங்கல் சூளை. புரட்சிப் போர்க் காலத்தில் உப்பு வண்டி ஓட்டினார், வண்டி நிற்கிற இடத்திலெல்லாம் பிரசங்கமும் செய்தார். 1783-இல் கணக்கு தீர்ந்தது. பாவம் என்று தெரிந்த பிறகும் எஜமானர் கடனை அடைத்தது அடிமையின் கைதான். காரெட்சனின் பிரசங்கத்துக்கு இதில் பங்கில்லை என்று சொல்ல மாட்டேன். ஸ்டர்ஜிஸைப் புண்ணியவான் ஆக்குவதுதான் எனக்கு ஒப்பவில்லை.

சபையும் அவரைப் போலத்தான் நடந்துகொண்டது. 1784-இல் பால்டிமோரில் கூடிய மெதடிஸ்ட் மாநாடு, உறுப்பினர்கள் அடிமைகளை விடுவிக்க வேண்டும் என்று விதி போட்டது. ஆறே மாதத்தில் அதை நிறுத்தி வைத்தது. தெற்கத்திப் பண்ணையார்கள் முறைத்தார்கள், அவ்வளவுதான்.

அப்படியானால் எழுப்புதல், அதாவது இந்த மெதடிஸ்ட் பக்தி எழுச்சி, என்னதான் கொடுத்தது? பேச ஒரு இடம். கல்லூரிப் படிப்பு வேண்டாம், சாட்சி சொல்லத் தெரிந்தால் போதும் என்ற ஆரம்பகால மெதடிஸ்ட் வழக்கம் இல்லாவிட்டால் உப்பு வண்டிக்காரர் போதகர் ஆகியிருக்க முடியாது. சின்ன விஷயமில்லை இது.

ஆனால் இடத்துக்குச் சொந்தக்காரர்கள் வேறு ஆட்கள். ஃபிலடெல்ஃபியா புனித ஜார்ஜ் ஆலயத்தைப் பெரிதாக்கக் கறுப்பர்களும் காசும் உழைப்பும் கொடுத்தார்கள். அங்கே முழங்காலில் நின்று ஜெபித்துக்கொண்டிருந்த ஆலனின் தோழர் அப்சலம் ஜோன்ஸைத்தான், இங்கே முழங்காலிடக் கூடாது என்று வெள்ளை நிர்வாகிகள் பிடித்து இழுத்தார்கள். ஜெபம் முடியட்டும் என்று கேட்டும் விடவில்லை. ஜெபம் முடிந்ததும் கறுப்பர்கள் கூட்டமாக எழுந்து வெளியே போனார்கள். 1794-இல் ஆலன் பெத்தேல் ஆலயத்தைத் தொடங்கினார். ஒரு கொல்லன் பட்டறையை விலைக்கு வாங்கி, குதிரைகள் பூட்டி இழுத்து வந்து நிறுத்திய கட்டடம் அது. அதையும் வெள்ளைச் சபைத் தலைவர்கள் விடவில்லை. 1796-இல் எழுதிய பத்திரம் சொத்தை அவர்கள் மாநாட்டின் கைக்குக் கொடுத்திருந்தது பிறகுதான் தெரிந்தது. வழக்கு, வம்பு, கடைசியில் ஏலம். தன் சொந்த ஆலயத்தை 10,125 டாலருக்கு ஆலனே ஏலத்தில் எடுக்க வேண்டி வந்தது.

1816-இல் நீதிமன்றம் பெத்தேல் பக்கம் நின்றது. அதே வருடம் ஆப்பிரிக்க மெதடிஸ்ட் எபிஸ்கோபல் சபை பிறந்தது, ஆலன் அதன் முதல் பேராயர்.

அவரும் அப்பழுக்கற்றவர் இல்லை. ஜரீனா லீ என்ற கறுப்பினப் பெண் பிரசங்கம் செய்ய அனுமதி கேட்டபோது, நம் விதியில் பெண்களுக்கு இடமில்லை என்று திருப்பி அனுப்பியவர்தான். எட்டு வருடம் கழித்து பெத்தேலில் ஒரு போதகர் பாதியில் தடுமாற, ஜரீனா எழுந்து மீதியைப் பேசி முடித்தார். ஆலன் எழுந்து, அன்று தட்டிக் கழித்ததைச் சபை முன்னால் சொல்லிவிட்டு, இங்குள்ள எந்தப் போதகருக்கும் குறையாத அழைப்பு இவருக்கும் உண்டு என்றார்.