அகப்பையை மாற்றிக்கொண்டே இருங்கள்

"மக்வையரை விட்டிருக்கவே கூடாது, தம்பி."

இதை வேறு யார் சொல்லியிருந்தாலும் தலையாட்டிவிட்டு அடுத்த ரோல்ஸை எடுத்துக் கடித்திருப்பேன். சொன்னவர் அத்தான். "இந்த மனுசன் துலைஞ்சால்தான் எங்களுக்கு விடிவு" என்று 2022இல் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் காலையும் பின்னேரமும் தேவாரம் மாதிரி ஓதிய அதே அத்தான். அந்த ஜூன் மாதம் எங்கள் ரக்பி அணியான டைகர்ஸ், கோச் மக்வையரை அனுப்பிய அன்று அக்காவைக் கொண்டு கேசரி கிண்டுவித்தவர். அந்தக் கேசரியை நானும் சாப்பிட்டேன். முந்திரிப்பருப்பு தாராளம்.

2025 ஒக்டோபர் 5, ஞாயிற்றுக்கிழமை இரவு. ஆஸ்திரேலிய ரக்பி லீக்கின் இறுதிப் போட்டி. அக்கா வீடு சிட்னியில், ஹோம்புஷில். ஒலிம்பிக் பார்க் மைதானத்துக்கு மேல் சுற்றும் ஹெலிகொப்டர் அவர்கள் குசினிக்குள்ளேயே சுற்றுவது போலக் கேட்கும். ஆடுவது பிரிஸ்பேனும் மெல்பனும். எங்களுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்காதீர்கள். வெஸ்ட்ஸ் டைகர்ஸ் ரசிகனுக்கு இறுதிப் போட்டி என்றால் அயல்வீட்டுக் கலியாணம். வெளிக்கிட்டுப் போய், என்வலப்பைக் கொடுத்து, சாப்பிட்டுவிட்டு வருகிறோம். எங்கள் வீட்டில் பந்தல் போட்டது கடைசியாக 2005இல். பைனல்ஸ் சுற்று என்ற பக்கத்துக்கே கடைசியாகப் போனது 2011இல். என் மூத்தவன் பிறந்தது அதற்கு அடுத்த வருடம். இப்போது அவனுக்கு மீசை அரும்புகிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இடைவேளையில் மெல்பன் 22, பிரிஸ்பேன் 12. இரண்டாம் பாதியில் மெல்பனுக்கு ஒரு புள்ளிகூட இல்லை. ரீஸ் வோல்ஷ் என்ற பொடியன் ஆடிய ஆட்டத்தைப் பார்த்து, ரக்பிக்கும் தாச்சிக்கும் வித்தியாசம் தெரியாத அக்காவே அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றார். 26-22. சங்கு ஊதியது. பிரிஸ்பேனுக்கு 2006க்குப் பிறகு முதல் கோப்பை. கேமரா திரும்பியது, திரை முழுக்க மைக்கல் மக்வையரின் முகம். எங்களிடம் அகப்பட்டிருந்த காலத்தில் அந்த முகத்தில் நான் பல்லைக் கண்டதில்லை.

இனித்தான் அந்தக் காட்சி. பல நாளாக மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. ரீவைண்ட் பண்ணிப் பண்ணித் தேய்ந்துவிட்டது. நீங்களும் ஒருமுறை பாருங்கள்.

அத்தானின் கையில் பாதி கடித்த ரோல்ஸ். அதைத் தட்டில் வைத்தார். வைத்த விதம் பிடிக்கவில்லை போலும், மறுபடி எடுத்துக் கடித்த பக்கம் சுவரைப் பார்க்க வைத்தார். டிசுவை எடுத்து விரல்களைத் துடைத்தார். ஒவ்வொரு விரலாக. சுண்டுவிரலில் தொடங்கினார். மோதிரவிரலில் மோதிரத்தைச் சுழற்றி அதற்குக் கீழேயும் துடைத்தார். கட்டைவிரலுக்கு வருவதற்குள் அங்கே வீரர்கள் ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்து அழுது முடித்துவிட்டார்கள். பிறகு கண்ணாடியைக் கழற்றினார். ஊதினார். சறத்தின் நுனியால் துடைத்தார். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். மாட்டினார். ஒரு பெருமூச்சு. எப்படிப்பட்ட பெருமூச்சு தெரியுமா? சொந்தக் காணியை யாரோ ஏமாற்றி எழுதி வாங்கிவிட்டதுபோல. அதற்குப் பிறகுதான் அந்த வசனம்.

"மக்வையரை விட்டிருக்கவே கூடாது, தம்பி."

நான் வாய் திறக்கவில்லை. அக்காவின் புருஷன். வயதில் மூத்தவர். சிட்னிக்கு வந்த முதல் வருடம் அவர் வீட்டு ஹோலில் மெத்தை போட்டுப் படுத்தவன் நான். பல்லைக் கடித்துக்கொண்டு திரையைப் பார்த்தேன். அதோடு விட்டிருக்கலாம். மனிதர் ரோல்ஸை மறுபடி எடுத்தார். ஒரு கடி. மென்றார். விழுங்கினார்.

"இப்ப பென்ஜியையும் அனுப்பவேணும். அப்பதான் உருப்படுவம்."

இரண்டு வசனத்துக்கும் நடுவில் ஒரு வாய் ரோல்ஸ். ஒரு கோச்சைத் துரத்தியது தவறு என்ற ஞானம் பிறந்து, வளர்ந்து, அடுத்த கோச் பென்ஜி மார்ஷலைத் துரத்தவேண்டும் என்ற ஞானமாக முதிர்வதற்கு அவருக்குத் தேவைப்பட்ட நேரம் அவ்வளவுதான்.

அத்தான் ஒருவர்தான் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். எங்கள் லைக்ஹார்ட் மைதானத்து மேட்டில் உட்கார்ந்திருக்கும் அத்தனை பேரும் அத்தான்தான். ஒவ்வொரு வருடமும் மே மாதம் பிறந்தால் மாரியம்மன் கூழ் ஊற்றக் கேட்பதுபோல ஒரு கோச்சின் தலை கேட்பார்கள். கணக்கை எடுத்துப் பாருங்கள். டிம் ஷீன்ஸ்: 2005 கோப்பையை வாங்கித் தந்தவர், 2012 முடிவில் அனுப்பினோம். அத்தானின் தீர்ப்பு, "அவற்ற காலம் முடிஞ்சுது." அடுத்து மிக் பொட்டர். இரண்டு வருடம். "ஆர் எண்டே தெரியாத ஆள்." அடுத்து ஜேசன் டெய்லர். 2016இல் ஒன்பதாம் இடம். முதல் எட்டுக்குத்தான் பைனல்ஸ் என்பதால் ஒன்பதாம் இடத்தை நாங்கள் பரம்பரைச் சொத்தாக எழுதி வைத்திருந்தோம். 2018, 2019இலும் அதுதான். அந்த 2016இன் கடைசி ஆட்டத்தில் வென்றால் உள்ளே. 52-10 என்று கன்பராவிடம் வாங்கிக் கட்டினோம். டெய்லர் வெளியே உட்காரவைத்த எங்கள் ஆட்டக்காரர் ரொபி ஃபாரா அன்று ஸ்கோர்போர்ட்டின் மேல் ஏறியிருந்து பியர் குடித்துக்கொண்டிருந்தார். எனக்கும் அவர் பக்கத்தில் இடம் கிடைத்திருந்தால் போயிருப்பேன். அடுத்த வருடம் மூன்றே மூன்று ஆட்டம். டெய்லரும் அவுட்.

அப்புறம் வந்தவர் ஐவன் கிளியரி. எழுதும்போதே வயிறு எரிகிறது. களைத்துப்போய்விட்டார் என்று சொல்லி 2015இல் பென்ரித் அணி அனுப்பிய மனிதர். எங்களிடம் வந்து, பஸ், பஸ் என்று கதைத்தார். எல்லோரும் பஸ்ஸில் ஏறவேண்டுமாம். ஏறினோம். என் கடைசிப் பிள்ளைகூட ஏறினான். 2020 வரை ஒப்பந்தம் இருந்தும் 2018 முடிவில் டிரைவரே இறங்கி அதே பென்ரித்துக்கு நடந்துவிட்டார். போய் 2021, 2022, 2023, 2024. வரிசையாக நான்கு கோப்பை. களைத்த மனிதராம்!

மக்வையர் கதையும் அப்படியே. 2014இல் சவுத் சிட்னிக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்து, அவர்களாலும் துரத்தப்பட்டு, எங்களிடம் வந்தார். இங்கிருந்து போன கையோடு நியூசிலாந்தை வைத்து ஆஸ்திரேலியாவை 30-0 என்று அடித்தார், 2023இல். அடுத்த வருடம் நியூ சவுத் வேல்ஸுக்கு, குயின்ஸ்லாந்தோடு ஆடும் ஒரிஜின் தொடரை வென்றார். அதற்கு அடுத்த வருடம் இதோ, பிரிஸ்பேன். எங்களிடம் மட்டும் ஏன் இவர்களுக்குக் கை வரவில்லை என்று அத்தானைக் கேட்டால், "எங்கட ராசி" என்கிறார். ராசியாம். சாத்திரியை கோச்சாகப் போடுங்கள் அப்ப.

சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? எங்கள் சட்டியில் என்ன இருந்தது? டெடெஸ்கோ என்ற ஆட்டக்காரர் இருந்தார், போய் ரூஸ்டர்ஸில் 2018, 2019 கோப்பைகளை வாங்கினார். மோசஸ் இருந்தார், பாதி சீசனில் பராமட்டாவுக்குப் போனார். ஆடோ-கார் இருந்தார், மெல்பனுக்குப் போன முதல் வருடமே கோப்பை. 2025இல் கெல்வின், பத்தொன்பது வயதுப் பொடியன், சீசன் நடுவில் கென்டர்பரிக்கு. சட்டியின் அடியில் இவ்வளவு பெரிய ஓட்டை. நாங்கள் நின்று அகப்பையை மாற்றிக்கொண்டிருக்கிறோம். அகப்பை என்றதும் இன்னொன்று. கடைசி இடம் வருபவனுக்கு மர அகப்பை என்று இந்த ஊரில் பட்டம் கொடுப்பார்களே, அது 2022, 2023, 2024 என்று மூன்று வருடம் வரிசையாக எங்களுக்கு. கிளியரி அங்கே கோப்பை அடுக்கினார், நாங்கள் இங்கே அகப்பை அடுக்கினோம். அத்தான் வீட்டுக் குசினியில் கொழுவியிருக்கும் அகப்பைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்கும்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு ஒரு கேள்வி கேட்டேன். மரியாதையாகத்தான். "அத்தான், 2023 மே மாதம் லைக்ஹார்ட்டில் நோர்த் குயின்ஸ்லாந்தை 66-18 எண்டு அடிச்சம். ஆறு கிழமை கழிச்சு டவுன்ஸ்வில்லில் அதே அணி எங்களை 74-0 எண்டு அடிச்சது. ரெண்டு நாளும் கோச் ஷீன்ஸ்தானே? எந்த நாளில் அவர் கோச், எந்த நாளில் இல்லை?"

அத்தான் யோசிக்கவே இல்லை. "66 அடிச்சது பொடியள். 74 வாங்கினது கோச்."

இதற்கு என்ன பதில் சொல்வது? ஆறுமுக நாவலர் உயிரோடு வந்தாலும் இந்த வாதத்தைக் கண்டிக்க முடியாது. ஆமாம், அந்த ஷீன்ஸ் அதே ஷீன்ஸ்தான். 2012இல் காலம் முடிந்துவிட்டது என்று அனுப்பியவரை, பத்து வருடம் கழித்து எழுபது தாண்டிய பிறகு கூட்டி வந்தோம். ஒரு சீசன். முதல் ஏழு ஆட்டமும் தோல்வி. "அவற்ற காலம் முடிஞ்சுது" என்ற பழைய வசனத்தை அத்தான் தூசு தட்டி மறுபடி பாவித்தார். அதே வருடம் அன்சாக் நாளுக்கென்று அடித்த ஜெர்சியில் அமெரிக்கச் சிப்பாய்களின் படம் இருந்தது. ஆஸ்திரேலியப் போர்வீரரை நினைவுகூர அமெரிக்கச் சிப்பாய்! அதற்கும் கோச்சையா துரத்துவது?

இப்போது பென்ஜி. 2005 இறுதிப் போட்டியில் பின்கையால் பெட் ரிச்சர்ட்ஸுக்குப் பந்தைத் தட்டிவிட்ட அந்த இருபது வயது பென்ஜி. அத்தான் வீட்டு ஹோலில் முருகன் படத்துக்கும் மாமாவின் படத்துக்கும் இடையில் அந்த பாஸின் படம் பிரேம் போட்டுத் தொங்குகிறது. படத்துக்குக் கீழே இருந்துகொண்டு அந்தப் பொடியனைத்தான் துரத்தவேண்டும் என்கிறார். 2022இல் நான்கு வெற்றி, 2023இல் நான்கு. பென்ஜி வந்து 2024இல் ஆறு, 2025இல் ஒன்பது. "கூடிக்கொண்டுதானே போகுது அத்தான்?" என்றேன். "பதின்மூண்டாம் இடம்," என்றார். பதினேழு அணியில் பதின்மூன்று எங்களுக்கு என்ன லேசுப்பட்ட இடமா? அகப்பை இல்லாமல் ஒரு வருடம் முடிந்ததற்கு நான் நல்லூரானுக்கு மனசுக்குள் கற்பூரம் கொளுத்தியவன்.

இந்த இடத்தில் என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. ஒத்துக்கொள்கிறேன். "மக்வையரைத் துரத்தச் சொன்னதே நீங்கள்தானே!" என்று சொல்லிவிட்டேன். அக்கா குசினியிலிருந்து எட்டிப் பார்த்தார். திரையில் வாணம் வெடித்தது. இரண்டு வினாடி கழித்து ஜன்னலுக்கு வெளியேயும் அதே வாணம் வெடித்தது.

அத்தான் பேசவில்லை. போனை எடுத்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். குடும்பக் குழுவைத் திறந்து மேலே தள்ளத் தொடங்கினார். தள்ளுகிறார், தள்ளுகிறார். பிறந்தநாள் கேக்குகள் போகின்றன. யாருடையதோ அந்தியேட்டி அழைப்பு போகிறது. கொரோனா ரசம் வைக்கும் முறை வரப்போகிறது என்ற பயத்தில் நான் இருக்க, 2022 ஜூனில் நிறுத்தினார். போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"மக்வையர் போகவேணும். ஆர் ஆர் சம்மதம்?" — அத்தான்.

அதற்குக் கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள். முதல் கட்டைவிரல் என்னுடையது. நேரம் காலை 6.52.

"அது நான் வாசிச்சிட்டன் எண்டு போட்டது," என்றேன்.

"சம்மதமோ எண்டு கேட்டனான். நீர் விரல் வச்சனீர்."

"விரல் வச்சால் சம்மதமோ?"

"காணி உறுதியிலையும் விரல்தான் தம்பி வைக்கிறது."

அக்கா சிரித்தார். மூத்தவன் சிரித்தான். அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. வாயிலிருந்த சோடா மூக்கால் வந்தது. அத்தான் முதுகில் தட்டி, டிசுவை நீட்டினார். விரல் துடைத்த அதே டிசு. பிறகு இரண்டு பேருமாக உட்கார்ந்து, மக்வையர் கோப்பையைக் கையில் பிடிப்பதை வாயைப் பிளந்து பார்த்தோம். மிஞ்சியிருந்த ரோல்ஸ் இரண்டும் எனக்குத்தான்.

இரவு பதினொன்றரைக்குக் காரை எடுத்தேன். காரின் மணிக்கூடு பத்தரை என்றது. அப்போதுதான் ஞாபகம் வந்தது, ஒக்டோபர் முதல் ஞாயிறு, அதிகாலையில் ஒரு மணித்தியாலத்தைப் பிடுங்கிக்கொண்டார்கள். யாரைக் கேட்டுப் பிடுங்கினார்கள்? குயின்ஸ்லாந்தில் இந்தச் சனியன் கிடையாது. அவர்கள் மணிக்கூட்டைத் தொடுவதே இல்லை. கோப்பையும் பிரிஸ்பேனுக்கு, கோச்சும் பிரிஸ்பேனுக்கு, அந்த ஒரு மணித்தியாலமும் பிரிஸ்பேனுக்கு! போன் தானாக மாறுகிறது, டிவி தானாக மாறுகிறது, இந்தக் கார் மட்டும் மாறாது. மூன்று பொத்தானை அமத்திப் பார்த்தேன், வைப்பர்தான் ஆடியது. மகன் கைநூலை எடுத்து வாசித்தான், அது ஜப்பானிய மொழியில் இருக்கிறது. யாருக்காவது மாற்றத் தெரிந்தால் சொல்லுங்கள். ஏப்ரல் வரை பொறுத்தால் அது தானாகச் சரியாகிவிடும் என்கிறார் அத்தான்.