நரிக்கு வயசு சர்டிபிகேட் கேக்குற கும்பலுக்கு

ஓடுற நரியில ஒரு நரி கிழநரி, கிழநரி முதுகுல ஒரு பிடி நரைமுடி. இந்த நாக்குச்சுத்திய, அதாவது டங் ட்விஸ்டரை, மூச்சு விடாம வேகமா திரும்பத் திரும்பச் சொல்லணும், அவ்ளோதான் ஆட்டமே. நாக்கு பிசகினா அவுட்டு, எல்லாரும் சிரிப்பாங்க, அடுத்த ஆளு. சின்னப் புள்ளைக்குக்கூட புரியுற ரூல்ஸ். இதுல எங்கய்யா வந்துச்சு விசாரணை கமிஷன்?

ஆனா வரும். கண்டிப்பா வரும். நாலு பேரு கூடி யாராவது ஒருத்தர் இதை ஆரம்பிச்சா போதும், ரெண்டாவது ரவுண்டுலயே ஒரு மகான் "ஓடுற நரியில ஒரு நழி கிரநழி"ன்னு உளறிட்டு, அப்படியே தொண்டையைச் செருமிக்கிட்டு, முகத்தை நீதிபதி மாதிரி வெச்சுக்கிட்டு, "அது கிடக்கட்டும், இது கிழநரியே கிடையாது, சிறுநரின்னுதான் நாங்க சின்ன வயசுல சொல்லுவோம்"னு கேஸை ஓப்பன் பண்ணுவாரு. அவ்ளோதான், ஆட்டம் குளோஸ். அங்க இருந்து சண்டை. நல்லா கவனிச்சுப் பாருங்க, கடகடன்னு தப்பில்லாம சொல்லி முடிச்ச எவனும் இந்தக் கேள்விய கேக்க மாட்டான். நாக்கு சுத்தாதவனுக்குத்தான் திடீர்னு லாஜிக் சுத்தும்.

சரி, சிறுநரி கட்சி வந்தாச்சா, உடனே எதிர்ல கிழநரி கட்சி எழுந்திரிக்கும். "ஏங்க, சின்ன நரிக்கு எப்படிங்க நரைமுடி வரும்? யோசிக்க வேணாமா?"ன்னு. அதுக்கு அவங்க "ஏன், இளநரைன்னு கேள்விப்பட்டதில்லையா, எங்க சித்தப்பா பையனுக்கு பத்தாங்கிளாஸ்லயே வந்துச்சு"ன்னு. நரிக்கு இளநரையாம்! டென்ஷன்ல வந்துருக்குமாம்! இதை வளர்ந்த மனுசங்க, வேலைக்குப் போறவங்க, புள்ளகுட்டி பெத்தவங்க, உக்காந்து சீரியஸா பேசிட்டு இருக்காங்க.

எனக்கு எதுல கடுப்புன்னா, லாஜிக் பேசுறேன்னு வர்றவங்க அந்த லாஜிக்கையாவது ஒழுங்கா பேசுறாங்களா? நாய்க்கு வயசானா முதல்ல எங்க வெளுக்கும்? மூஞ்சியில. மூக்கைச் சுத்தி, வாயைச் சுத்தி. வீட்டுல வயசான நாய் வெச்சிருந்தவங்களுக்குத் தெரியும். நரியும் அதே நாய்க் குடும்பம்தான். அப்ப முதுகுல மட்டும் ஒரு பிடி வெள்ளை முடி இருந்தா அது வயசுக்கு சாட்சியா? கிடையவே கிடையாது. நாம பொத்தாம்பொதுவா நரின்னு சொல்றதுல பொன்னிறக் குள்ளநரின்னு ஒண்ணு இருக்கு, அதோட முதுகுல கறுப்பும் பழுப்பும் வெள்ளையும் கலந்துதான் முடி இருக்கும், வாலிபத்துலயே அப்படித்தான். இன்னொண்ணு வங்காள நரி, முழுசா வளர்ந்தாலும் மூணு நாலு கிலோதான், உடம்பு நிறமே சாம்பல் அடிச்ச மாதிரி இருக்கும். ஆக சிறுநரின்னா குட்டின்னு எதுக்கு எடுத்துக்கணும், ஆளே சின்ன சைஸு நரியா இருக்கக் கூடாதா? அந்த நரி முதுகு நரைச்ச மாதிரி தெரியக் கூடாதா? கிழநரி கட்சியோட ஒரே வாதம் இதோட காலி.

இத்தனைக்கும் நானே கிழநரி கட்சிதான். அதனாலதான் வயித்தெரிச்சல் டபுளா இருக்கு. சரியான கட்சியில இருந்துக்கிட்டு தப்பான காரணத்தைச் சொல்லி தோக்கடிக்கிறாங்களே!

காரணம் நாக்குல இருக்குய்யா, நரியில இல்ல. கிழநரின்னு இப்ப மெதுவா ஒரு தடவை சொல்லிப் பாருங்க. ழ-வுக்கு நாக்கு நுனி மேல வளைஞ்சு அண்ணத்தைத் தடவும், அடுத்த நொடியே ந-வுக்கு முன்னால ஓடி வந்து பல்லுல ஒட்டணும், உடனே ரி-க்கு மறுபடி மேல. மேல, முன்னால, மேல. ஒரே வார்த்தைக்குள்ள இந்தக் குட்டிக்கரணம். தொல்காப்பியத்துல பிறப்பியல்னு ஒரு பகுதி இருக்கு, அதுல ர, ழ ரெண்டுமே நுனிநாக்கு மேல போய் அண்ணத்தை வருடுறதுல பிறக்குதுன்னு ஒரே வீட்டுல குடி வெச்சிருக்கு. ஒரே வீட்டுக்காரங்கன்னாதான் வேகத்துல ஆள் மாறிப் போகும், கிழநரி கிரநழி ஆகும். சிறுநரியில என்ன இருக்கு? ற-வும் ர-வும். பழைய கணக்குல ற-வுக்கு நாக்கு வருடாது, ஒத்தி எடுக்கும், ஆனா இன்னைக்கு பாதிப் பேரு பேச்சுல அது ரெண்டும் ஒண்ணாத்தான் விழுது. அதுல வழுக்கி விழ மேடு பள்ளமே இல்ல. சிறுநரின்னு ஒரு மணி நேரம்கூட சொல்லலாம், நாக்கு பாட்டுக்கு தூங்கிட்டே சொல்லும். நாக்கைக் கவுக்காத வரிய எதுக்குய்யா சொல்லணும், சும்மா நரியோட பயோடேட்டாவா அது?

கணக்கு பார்த்தே தீருவேன்னு அடம்பிடிக்கிறவங்களுக்கு ஒரு முன்னோடி இருக்காரு. இங்கிலீஷ்ல உட்சக்னு ஒரு பிராணி எவ்ளோ மரம் வீசும்னு ஒரு நாக்குச்சுத்தி உண்டு. 1988-ல நியூயார்க் மாநிலத்துல ஒரு வனவிலங்குத் துறை டெக்னீஷியன், அது வளை தோண்டுறப்ப வெளிய தள்ளுற மண்ணோட கன அளவ வெச்சு கணக்குப் போட்டு, மண்ணுக்குப் பதிலா மரம்னா 700 பவுண்டு வரும்னு விடை சொன்னாரு. மனுசன் கணக்கைப் போட்டாரு, விடைய சொன்னாரு, போய்ட்டாரு. உங்கள மாதிரி ஆட்டத்தை நிறுத்தி வெச்சுட்டு கட்சி கட்டலையே.

இதுல மூணாவதா ஒரு கோஷ்டி வேற. "ஒரு பிடி இல்ல, ஒரு முடி நரைமுடி"ன்னு. அடப்பாவிகளா, நரி ஓடிட்டு இருக்கு. கூட்டமா ஓடிட்டு இருக்கு. அதுல ஒண்ணோட முதுகுல ஒத்த முடி நரைச்சிருக்குன்னு எவன் பார்த்தான், பைனாகுலர் வெச்சா? சரி, பிடி கட்சிக்காவது வெக்கம் இருக்கான்னா அதுவும் இல்ல, ஓடுற நரிய நிப்பாட்டி கையால அள்ளிப் பார்த்தாத்தானே அது ஒரு பிடியா ரெண்டு பிடியான்னு தெரியும். இதை மட்டும் எவனும் கேக்க மாட்டான். வயசு மட்டும் வேணும்.

இதுல போன வாரம் ஒருத்தர் கொக்கையும் சந்திக்கு இழுத்துட்டாரு. "நெட்ட கொக்கு இட்ட முட்ட கட்ட முட்ட"ன்னு இன்னொரு நாக்குச்சுத்தி இருக்கில்ல, அது கட்ட முட்டயா இருக்க வாய்ப்பே இல்லையாம், கொக்கு முட்டை நீள்வட்டமா, லேசான நீலப்பச்சையா இருக்குமாம், போன்ல போட்டோ எடுத்து எல்லாருக்கும் காட்டுறாரு. அது நீலமா இருந்தா என்ன பச்சையா இருந்தா என்ன, கலரைப் பத்தி இங்க எவன்யா பேசுனான்?