சந்து விடச் சொன்னேனே!

காரைக்குடி வீட்டுத் தோட்டத்தில், வேப்பமரத்தடியில் பத்துக்குப் பத்தடி மரத்தளம் ஒன்று போடச் சொன்னேன். அம்மா சாயங்காலம் உட்கார ஆசைப்பட்டார், அவ்வளவுதான். பலகைக்கு முனீஸ்வரன் கோயில் தெருவில் அலைந்து, இடித்த வீட்டின் பர்மாத் தேக்கு உத்தரம் வாங்கினேன். அறுத்தபோது எண்ணெய் வாசம் கமகமவென்று வந்தது.

அப்பேர்ப்பட்ட மரத்தை, வேலைக்கு வந்தவர் ஒட்ட ஒட்ட அடித்துவிட்டார். "பலகைக்கு நடுவுல அஞ்சு மில்லி விடுங்கண்ணே, மழையில மரம் ஊதும்" என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். "சந்து தெரிஞ்சா பார்க்க நல்லாருக்காது தம்பி" என்றார். கீழ்ச்சட்டத்துக்கு மாமரம், அதுவும் செம்மண் மேல் நேராக!

ஐப்பசி மழை பிடித்தது. பலகைகள் ஒன்றையொன்று நெருக்கி நடுவில் மேடு தட்டிவிட்டன. துருப்பிடிக்காத ஸ்க்ரூ கேட்டிருந்தேன், சாதா இரும்பைப் போட்டிருக்கிறார். ஒவ்வொரு தலையைச் சுற்றியும் மை கொட்டினாற்போல் கறுப்புக் கறை. தை பிறப்பதற்குள் சட்டத்தில் கரையான் மண்கோடு. தேக்கின் வைரத்தைக் கரையான் லேசில் தொடாது, சரி. மாமரத்தை விடுமா?

இந்த ஊரில் எந்தப் பழைய வீட்டுக்குள் போனாலும் மரத்தூணுக்கு அடியில் கல் இருக்கும். ஈரம் ஏறக் கூடாதென்று அன்றைக்கே வைத்தது. அதைப் பார்த்து வளர்ந்தவருக்கு இது தோன்றவில்லையே என்பதுதான் எனக்கு ஆற்றாமை.

நாளைக்குப் பிரிக்கிறோம். கருங்கல் துண்டு பன்னிரண்டு சொல்லியிருக்கிறேன். அம்மா இன்னும் திண்ணையில்தான் உட்கார்ந்திருக்கிறார்.