தேரி மண்ணும் கிரிம்ஸன் பீக்கும்

2015 அக்டோபரில் கியர்மோ டெல் டோரோ இயக்கிய ‘கிரிம்ஸன் பீக்’ என்ற ஆங்கிலப் படம் வந்தபோது நான் பார்க்கவில்லை. டிரெய்லரைப் பார்த்துவிட்டு இதுவும் ஒரு பேய்ப் படம் என்று ஒதுக்கிவிட்டேன். பார்த்த நண்பர்களும் “பயமே இல்ல, விட்டுரு” என்றார்கள். போன வாரம் பாளையங்கோட்டையில் ராத்திரி அடைமழை, தூக்கம் வரவில்லை, லேப்டாப்பில் போட்டேன். முடியும்போது மணி ஒன்றரை. இத்தனை வருஷம் இதை விட்டுவைத்திருந்தோமே என்று இன்னும் மனசு ஆறவில்லை.

கதையின் முடிச்சுகளைச் சொல்லப்போகிறேன். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படியுங்கள்.

எடித், அமெரிக்காவில் பஃபலோ நகரத்துப் பணக்காரர் மகள், கதை எழுதுகிறவள். இங்கிலாந்திலிருந்து வந்த தாமஸ் ஷார்ப்பைக் கட்டிக்கொண்டு, அவனும் அவன் அக்கா லூசிலும் இருக்கிற பழைய மாளிகைக்கு வாழப்போகிறாள். பேருக்குத்தான் மாளிகை. கூரை பிளந்து கிடக்கிறது, நடுக்கூடத்தில் பனி கொட்டுகிறது. வீடு நிற்பதே செங்களிமண் சுரங்கத்துக்கு மேலே. தரைப்பலகையை மிதித்தால் இடுக்கு வழியாகச் சிவப்பாகக் கசிகிறது. குளிர்காலத்தில் அந்தச் சிவப்பு ஊறி வெள்ளைப் பனிக்கு மேலே வந்துவிடும், கிரிம்ஸன் என்றால் ரத்தச் சிவப்பு, படத்தின் பெயரே அதனால் வந்ததுதான்.

எனக்கு உடனே ஆச்சி ஊர் ஞாபகம் வந்துவிட்டது. சாத்தான்குளம் பக்கம். 1986-ல் ஜில்லா பிரிந்து அது தூத்துக்குடியோடு போனாலும் எங்களுக்கு இன்னமும் திருநெல்வேலிச் சீமைதான். செம்மணல் மேடாகக் கிடக்கிற தேரிக்காட்டு மண்ணைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது வெறும் செம்மண் இல்லை, ரத்தம் உறைந்த நிறம். ஆடிக்காற்றில் பறந்து வந்து திண்ணை, தண்ணீர்க்குடம், காதுமடல் எல்லாவற்றிலும் ஒட்டும், ஊரிலிருந்து வந்து சட்டையை அலசினால் முதல் தண்ணீர் சிவப்பாகத்தான் போகும்.

அப்புறம் பேய்கள். இதைத்தான் எல்லோரும் தப்பாகப் பார்த்துவிட்டார்கள் என்று நினைக்கிறேன். தாமஸுக்கு எடித் நாலாவது மனைவி. முன்னே வந்த மூன்று பேரையும் சொத்துக்காகக் கட்டிக்கொண்டு, டீயில் விஷம் வைத்து முடித்தாயிற்று. செங்களிமண் தொட்டிக்குள் போட்டதால்தான் பேயாக வரும்போதும் அந்தச் சிவப்போடேயே வருகிறார்கள். கோரமாகத்தான் இருக்கிறார்கள், ஆனால் யாரையும் அடிக்க வரவில்லை, எடித்தின் உடம்பில் ஏறவில்லை, பழிவாங்கவில்லை. கையை நீட்டிக் காட்டுகிறார்கள், அவ்வளவுதான். நம்ம சினிமாவில் பேய்க்கு ஒரு ஃப்ளாஷ்பேக், அப்புறம் வரிசையாகக் கொலை என்று பழகிப்போன நமக்கு இது சப்பென்று தெரிகிறது.

எங்கள் பக்கத்து ஊர்த்தெய்வம் இசக்கியின் கதையை வில்லுப்பாட்டில் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அப்படித் தெரிய வேண்டியதில்லை. பின்னால் இசக்கியாகிறவள், தான் நம்பி வந்தவன் மடியில் தலை வைத்துத் தூங்குகிறாள். அவன் அந்தத் தலையை மெதுவாக மண்மேட்டில் இறக்கி வைத்துவிட்டு, கல்லைத் தூக்கிப் போட்டுக் கொன்று நகையை எடுத்துக்கொண்டு போகிறான். அந்த இடம் வரும்போது வில்லை அடிக்கிற வீசுகோல் நின்றுபோகும், உடுக்கை மட்டும் மெதுவாகக் கேட்கும், கோயில் கொடைத் திருவிழாவுக்கு வந்த பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வார்கள். சின்ன வயதில் ஆச்சி மடியில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். இசக்கி பழிவாங்குவது பின்னால் வருகிறது, சரி, ஆனால் ஊர் அழுவது இந்த இடத்தில்தான். அவளுக்கு நடந்ததை யாராவது உட்கார்ந்து கேட்க வேண்டும், கொடை நடப்பதில் பாதி அதற்குத்தான்.

படத்திலும் அதுவேதான். செத்துப்போன மனைவி ஒருத்தி தன் குரலை மெழுகு உருளையில் பதிந்து வைத்திருக்கிறாள். எடித் அதைக் கண்டுபிடித்து ஓடவிட்டுக் கேட்கிறாள். அதற்கு அப்புறம்தான் டீக் கோப்பையைப் பார்க்கிற பார்வையே மாறுகிறது.

லூசிலாக வரும் ஜெசிக்கா சாஸ்டைனுக்காகவே தனியாக எழுதலாம். படுக்கையில் கிடக்கிற எடித்துக்குக் கஞ்சி ஊட்டுகிறாள். ஒவ்வொரு வாய்க்கும் முன்னால் கரண்டியைக் கிண்ணத்தின் விளிம்பில் சரக்கென்று இழுக்கிறாள். முகத்தில் அக்கறை, கையில் அந்தச் சத்தம். படம் முழுவதிலும் எனக்கு ரோமம் சிலிர்த்தது அங்கேதான்.

குறை இல்லாமல் இல்லை. ரகசியம் பாதிக்கு முன்பே தெரிந்துவிடும், எடித்தைத் தேடி வருகிற டாக்டர் மனதில் ஒட்டவே இல்லை. ஆனால் அந்த வீட்டை டொராண்டோ ஸ்டுடியோவில் மூன்று மாடியும் நிஜமாகவே கட்டியிருக்கிறார்கள், பேய்களும் மேக்கப் போட்ட நடிகர்கள்தான், கம்ப்யூட்டர் வேலை அதற்கு மேல் ஒரு பூச்சு. அந்த உழைப்பு ஒவ்வொரு பிரேமிலும் தெரிகிறது. 5.5 கோடி டாலர் செலவு, உலகம் முழுக்க வசூல் 7.5 கோடிக்குப் பக்கம், தியேட்டர் பங்கும் விளம்பரச் செலவும் போனால் கணக்குப்படி தோல்விதான். திகில் படம் என்று விளம்பரம் செய்து விற்றார்கள், திகிலுக்கு வந்தவர்கள் ஏமாந்து போனார்கள். எடித் தான் எழுதுகிற கதையைப் பற்றி, இது பேய்க்கதை இல்லை, கதைக்குள் பேய் இருக்கிறது, அவ்வளவுதான் என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறாள். இரண்டு வருஷம் கழித்து இதே டெல் டோரோ ‘தி ஷேப் ஆஃப் வாட்டர்’ எடுத்து ஆஸ்கர் வாங்கினார், அதை எல்லோரும் பார்த்தோம். இது கிடப்பிலேயே கிடந்தது.

மறுநாள் சாயங்காலம் திரும்பவும் போட்டேன். பெரியம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். இங்கிலீஷ் தெரியாது, கதையும் நான் சொல்லவில்லை. அந்தச் சிவப்பு உருவம் தாழ்வாரத்தில் தவழ்ந்து வந்ததும் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: “இவ யாரு, அவனுக்கு மூத்த தாரமா?”