வெற்றிக் கணக்கை விட்டு பிட்சர்களைப் பாருங்கள்

அமெரிக்க பேஸ்பாலில் சீசனில் அதிக ஆட்டம் ஜெயித்த அணிதான் வேர்ல்ட் சீரிஸ் என்ற இறுதித் தொடரையும் ஜெயிக்கும், ரசிகர்கள் அதை வைத்தே கணிக்கலாம் என்கிறது ஒரு கட்டுரை. என்னால் ஏற்க முடியவில்லை. 2001-ல் சியாட்டில் 116 ஆட்டம் ஜெயித்தும் வேர்ல்ட் சீரிஸுக்கே வரவில்லை. 2006-ல் 83 மட்டுமே ஜெயித்த செயின்ட் லூயிஸ் கோப்பையைத் தூக்கியது.

சீசனின் 162 ஆட்டம் ஆட ஐந்து நல்ல பிட்சர்கள், அதாவது பந்து வீசுபவர்கள் தேவை. வேர்ல்ட் சீரிஸ் போன்ற ஏழு ஆட்டத் தொடரில் இடையிடையே ஓய்வு நாள் வருவதால் மூன்று பேர் போதும். அங்கேதான் கணக்கு மாறிவிடுகிறது.

2019 வேர்ல்ட் சீரிஸைப் பாருங்கள். சீசனில் ஹூஸ்டனுக்கு 107 வெற்றி, வாஷிங்டனுக்கு 93. அதுவும் முதல் 50 ஆட்டங்களில் 31-ல் தோற்ற வாஷிங்டன்! ஆனால் அவர்களிடம் ஸ்ட்ராஸ்பர்க், ஷெர்சர் என்ற இரண்டு பிட்சர்கள் இருந்தார்கள். மே மாதத்துக்குப் பிறகு தோல்வியே காணாத ஹூஸ்டன் பிட்சர் கெரிட் கோல் முதல் ஆட்டத்திலேயே தோற்றார். கழுத்துப் பிடிப்பால் ஐந்தாவது ஆட்டத்தில் இறங்க முடியாத ஷெர்சர், மூன்றே நாளில் வந்து ஏழாவது ஆட்டத்தைத் தொடங்கினார். என்ன மனுஷன்! இரண்டு ஆட்டங்களை வென்ற ஸ்ட்ராஸ்பர்க் தொடர் நாயகன். ஏழு ஆட்டத்திலும் வெளியூர் அணியே ஜெயித்ததால், சொந்த மைதானம் என்ற வாதமும் அந்த வருடம் எடுபடவில்லை.

கடைசி ஆட்டத்தில் ஹூஸ்டன் 2-1 என்று முன்னிலையில் இருந்தபோது தங்கள் பிட்சர் கிரெய்ங்கியை எடுத்துவிட்டு, கோலை இறக்காமல் வேறொருவரை அனுப்பினார்கள். அடுத்து வந்த வாஷிங்டனின் கெண்ட்ரிக் ஹோம் ரன் அடிக்க, வாஷிங்டன் முன்னிலை பெற்று கோப்பையையும் வென்றது. கோலை இறக்காத அந்த முடிவை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை.