தட்டு சுழன்றாலும் பாட்டு லேப்டாப்பில் இருக்கலாம்

டிஜே வினைல் தட்டைச் சுழற்றினால் நாம் கேட்பது முழுக்க அனலாக் ஒலி, அதனால்தான் அந்த இதம் என்று ஒரு கருத்து உலவுகிறது. அதைப் பலர் பகிர்ந்தும் இருக்கிறார்கள். நண்பர்களே, எப்போதும் அப்படி இல்லை.

பக்கத்தில் லேப்டாப் இருந்தால், அந்தத் தட்டு பெரும்பாலும் டைம்கோட் வினைலாகத்தான் இருக்கும். அதில் பாட்டே கிடையாது. செராட்டோ என்ற டிஜே மென்பொருளுக்கான தட்டில் பதிந்திருப்பது சுமார் 1,000 ஹெர்ட்ஸ் சீட்டி ஒலியும், ஊசி எந்த இடத்தில் நிற்கிறது என்ற குறியீடும் மட்டுமே. தட்டின் வேகத்தைச் சுருதியிலிருந்தும், திசையை இடது வலது சேனல்களுக்கு இடையே உள்ள சிறு நேர விலகலிலிருந்தும் மென்பொருள் கணக்கிட்டு, லேப்டாப்பில் உள்ள டிஜிட்டல் கோப்பை அதற்கேற்ப ஓட்டுகிறது. கையின் உணர்வு வினைலுடையது, ஒலி கோப்பினுடையது. (அந்தக் கை உணர்வுக்காகவே இதைத் தேர்ந்தெடுப்பவர்கள் உண்டு. அதில் தவறே இல்லை.)

சோதிப்பது சுலபம். தெரிந்த டிஜே ஒருவரிடம் கேட்டு, தட்டைச் சுழற்றும் டர்ன்டேபிளை நேராக மிக்ஸரின் போனோ உள்ளீட்டில் (டர்ன்டேபிளுக்கென்றே உள்ள இணைப்பில்) செருகச் சொல்லுங்கள். ஊசியை வைத்ததும் ஒரே சீரான ‘ஊய்ய்’ மட்டும் கேட்கும். தட்டை விரலால் மெல்ல அழுத்துங்கள், அந்தச் சத்தத்தின் சுருதியும் கூடவே கீழிறங்கும்.

லேப்டாப்பே இல்லாமல் இசைத்தட்டுகளை மட்டும் மாற்றி மாற்றி வாசிப்பவர்களும் இருக்கிறார்கள். அங்கே பாட்டு நிஜமாகவே ஊசி ஓடும் தட்டின் பள்ளத்திலிருந்துதான் வருகிறது.